குறுகிய எழுத்து முகாம்களையும் பயிலரங்குகளையும் தேர்ந்தெடுப்பது எப்படி: தொடர்ந்து எழுத விரும்பும் புதியவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எழுத விருப்பமும் கருவும் இருந்தும் தொடர்ந்து எழுத முடியாமல் தவிப்பவர்கள், சில நாட்கள் எங்காவது தனியே சென்று அமர்ந்தால் எழுத்து நகர்ந்துவிடும் என்று நம்புகிறார்கள். அந்த நம்பிக்கையில் உண்மை இருக்கிறது. வீட்டில் மாதக்கணக்கில் அசையாமல் கிடந்த ஓர் அத்தியாயம், இடையூறு இல்லாத இரண்டே நாட்களில் முடிந்துவிடுவதுண்டு. ஆனால் திரும்பி வந்த மூன்றாம் வாரத்தில் எழுத்து மறுபடியும் நின்றுபோகிறது என்றால், கிடைத்தது ஓர் அத்தியாயம் மட்டுமே, பழக்கம் கிடைக்கவில்லை. அங்கே கற்றுக்கொள்ளும் எது வேலைக்கும் குடும்பத்துக்கும் நடுவிலும் நிலைத்து நிற்கும் என்று கேட்டுத்தான் ஒரு முகாமைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஒரு நாள் முதல் ஒரு வாரம் வரை நீளும் முகாம்களையும் பயிலரங்குகளையும் அந்த நோக்கில் தேடுவது, தேர்வது, பயன்படுத்துவது எப்படி என்பதைக் கீழே படிப்படியாகத் தருகிறேன்.

முதல் படி: எது தடுக்கிறது என்று கண்டறிதல்

தேடத் தொடங்குவதற்கு முன் இரண்டு வாரங்களுக்கு ஒரு சிறு குறிப்பேடு வைத்துக்கொள்ளுங்கள். எந்த நாளில் எந்த நேரத்தில் எழுத அமர்ந்தீர்கள், எவ்வளவு நேரம் எழுதினீர்கள், எதனால் எழுந்தீர்கள் என்ற மூன்றையும் ஒரே வரியில் எழுதி வந்தால் போதும். அமரவே முடியாத நாட்களையும் அதற்கான காரணத்தோடு குறிக்க வேண்டும்.

இந்தக் குறிப்பேடு பெரும்பாலும் நாம் எதிர்பாராத ஒன்றைக் காட்டும். நேரமே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தவர், வாரத்தில் நான்கு முறை அமர்ந்தும் ஒவ்வொரு முறையும் அதே காட்சியில் சிக்கி எழுந்திருப்பார். அவருக்குக் குறைவது நேரமல்ல, அந்தக் காட்சியை எப்படிக் கடப்பது என்ற தொழில்நுட்பம். அவருக்குப் பயிற்சி தரும் பயிலரங்கு உதவும். இன்னொருவர் அமர்ந்த போதெல்லாம் நன்றாக எழுதியிருப்பார், ஆனால் அமரவே வாய்ப்புக் கிடைத்திருக்காது. அவருக்குத் தனிமையும் நேரமும் தரும் முகாம் தேவை. மூன்றாமவர் எழுதி முடித்தவற்றை யாரிடமும் காட்டாமல் அடுக்கி வைத்துக்கொண்டே ஊக்கம் இழந்திருப்பார். அவருக்கு வேண்டியது வாசித்துக் கருத்துச் சொல்லும் சிறு குழு. இந்தத் தெளிவு இல்லாமல் விண்ணப்பிப்பவர்கள், தேவைக்குச் சற்றும் பொருந்தாத நல்ல முகாம் ஒன்றுக்குச் சென்றுவிட்டுத் தங்கள் திறமையையே ஐயப்படத் தொடங்குவதுதான் வருத்தத்துக்குரியது.

இரண்டாம் படி: வகைகளைப் பிரித்து அறிதல்

அறிவிப்புகளில் முகாம், பட்டறை, பயிலரங்கு, உறைவிடத் திட்டம் ஆகிய பெயர்கள் ஒன்றுக்குப் பதில் ஒன்றாகப் புழங்குகின்றன. ஆகவே பெயரை விட்டுவிட்டு, அங்கே நாள் எப்படிக் கழிகிறது என்பதைப் பார்க்க வேண்டும்.

பயிலரங்கில் நெறியாளர் ஒருவர் பாடமும் பயிற்சியும் தருவார், அல்லது பங்கேற்பாளர்களின் வரைவுகளை அனைவரும் கூடி விவாதிப்பார்கள். 1936-இல் தொடங்கிய அயோவா பல்கலைக்கழகத்தின் எழுத்தாளர் பயிலரங்கு இந்த இரண்டாவது முறையைப் பரவலாக்கியதில் பெரும் பங்கு வகித்தது. முகாமில் பாடம் குறைவாகவோ இல்லாமலோ இருக்கும். அறை, மேசை, உணவு, அமைதி ஆகியவற்றை ஏற்பாடு செய்துவிட்டு எழுத்தை உங்களிடமே விட்டுவிடுவார்கள். உறைவிடத் திட்டங்கள் வாரக்கணக்கில் நீள்பவை, போட்டி மிகுந்தவை. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் 1907-இல் நிறுவப்பட்ட மெக்டொவல் இதற்குப் புகழ்பெற்ற எடுத்துக்காட்டு. தங்குவதற்கு அங்கே கட்டணம் இல்லை. பகல் வேலை தடைப்படக் கூடாது என்பதற்காக மதிய உணவைக் கூடையில் வைத்து ஒவ்வொருவரின் பணிக்கூட வாசலிலும் வைத்துவிட்டுச் செல்வது அங்கே நெடுநாள் வழக்கம். தொடக்க நிலையில் இருப்பவர் இத்தகைய இடத்துக்கு இப்போதே விண்ணப்பிக்க வேண்டியதில்லை. ஆயினும் காலை முதல் மாலை வரை ஒருவர் வேலையில் யாரும் குறுக்கிடாதபடி ஒரு நாளை எப்படி அமைக்கிறார்கள் என்பதை அறிந்து வைப்பது நல்லது.

பயிலரங்கும் முகாமும் கலந்த நான்காவது வகையே முதன்முறை செல்பவர்களுக்கு ஏற்றது என்று கருதுகிறேன். இங்கிலாந்தில் 1968-இல் தொடங்கப்பட்ட ஆர்வன் நிறுவனத்தின் ஒரு வார வகுப்புகள் இவ்வகையைச் சேர்ந்தவை. இரண்டு எழுத்தாளர்கள் நெறியாளர்களாக இருப்பார்கள்; காலையில் குழுப் பயிற்சி, பிற்பகலில் சொந்த எழுத்தும் நெறியாளருடன் தனிச் சந்திப்பும் என்று நாள் பிரிக்கப்பட்டிருக்கும். முழுத் தனிமையில் விடப்படும் புதியவர் முதல் நாளிலேயே திகைத்துப்போகக்கூடும். முழு நாளும் வகுப்பில் அமர்பவருக்கோ எழுத நேரம் இருக்காது. கலப்பு வகையில் இந்த இரண்டு ஆபத்தும் குறைகின்றன.

மூன்றாம் படி: தேடும் இடங்கள்

இலக்கிய இதழ்கள், பதிப்பகங்கள், நூலகங்கள், பல்கலைக்கழக இலக்கியத் துறைகள், எழுத்தாளர் அமைப்புகள் ஆகியவை வெளியிடும் அறிவிப்புகளைத் தொடர்ந்து பாருங்கள். இலக்கிய விழாக்களை ஒட்டி ஒரு நாள் அல்லது அரை நாள் பயிலரங்குகள் நடப்பதுண்டு. விழாவின் பெரிய பெயர்களுக்கு நடுவே இந்தச் சிறு அறிவிப்புகள் கண்ணில் படாமல் போய்விடும். ஆங்கிலத்தில் எழுதுபவர்களுக்கும் வெளிநாட்டு வாய்ப்புகளைத் தேடுபவர்களுக்கும் பொயட்ஸ் அண்ட் ரைட்டர்ஸ் இதழின் தரவுத்தளமும், உலகெங்கும் உள்ள கலை உறைவிடங்களை இணைக்கும் ரெஸ் ஆர்ட்டிஸ் வலையமைப்பும் உதவும். இவற்றைவிட நம்பகமானது, முன்பு சென்று வந்தவரின் சொல். பிடித்திருந்ததா என்று கேட்காமல், அங்கே ஒரு நாளில் எத்தனை மணி நேரம் எழுத முடிந்தது என்றும், திரும்பிய பின் எழுத்துப் பழக்கத்தில் என்ன மாறியது என்றும் கேளுங்கள்.

பல முகாம்கள் ஆண்டுதோறும் ஏறக்குறைய ஒரே பருவத்தில் நடப்பவை; விண்ணப்பங்களோ பல மாதங்களுக்கு முன்பே முடிந்துவிடும். இந்த ஆண்டு தவறவிட்டவற்றின் கடைசித் தேதிகளையும் நாட்காட்டியில் குறித்து வைத்தால் அடுத்த ஆண்டுக்கான பட்டியல் தானாக உருவாகிவிடும்.

நான்காம் படி: அறிவிப்பை எழுத்தெண்ணிப் படித்தல்

பெரும்பாலானவர்கள் அவசரப்படுவது இங்கேதான். அழகிய மலைப்பகுதியின் படமும் நெறியாளரின் பெயரும் மனத்தை ஈர்த்துவிடுவதால், நிகழ்ச்சி நிரலைப் படிக்காமலேயே பணத்தைச் செலுத்திவிடுகிறார்கள். நிரலைத்தான் முதலில் படிக்க வேண்டும். உரை, கலந்துரையாடல், இயற்கை நடை, இசை நிகழ்ச்சி எல்லாவற்றையும் கழித்த பின் எழுதுவதற்கென்று எவ்வளவு நேரம் மிஞ்சுகிறது என்று கணக்கிடுங்கள். முகாம் என்றால் நாளொன்றுக்கு நான்கு மணி நேரமாவது தொடர்ச்சியாகக் கிடைக்க வேண்டும். பயிலரங்கு என்றால், கேட்கும் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஈடாக எழுதும் நேரமும் ஓரளவு இருக்க வேண்டும். நிரலே வெளியிடப்படாத நிகழ்ச்சியாக இருந்தால் எழுதிக் கேளுங்கள். கேட்டும் தராதவர்களை விட்டுவிடலாம்.

அடுத்தது பங்கேற்பாளர் எண்ணிக்கை. 15 பேர் கலந்துகொள்ளும் பயிலரங்கில் ஒவ்வொருவரின் வரைவையும் 40 நிமிடம் விவாதிப்பதென்றால் அதற்கு மட்டுமே 10 மணி நேரம் வேண்டும். அதை இரண்டு நாள் நிகழ்ச்சியில் பாடங்களோடு சேர்த்து நடத்தவே முடியாது. எல்லோருடைய படைப்பும் விவாதிக்கப்படும் என்று அறிவிப்பு சொன்னால் இந்தப் பெருக்கலைச் செய்து பாருங்கள். படைப்புகளை நெறியாளர் முன்கூட்டியே வாசித்து வருவாரா, அல்லது அங்கேயே வாசிக்கக் கேட்டு உடனடியாகக் கருத்துச் சொல்வாரா என்பதையும் விசாரிக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் இடையிலான தர வேறுபாடு மிகப் பெரியது.

நெறியாளர் புகழ்பெற்றவரா என்பதைவிட, அவர் முன்பு கற்பித்திருக்கிறாரா என்பது புதியவருக்கு முக்கியம். சிறந்த எழுத்தாளர்கள் பலர் தாங்கள் எழுதும் முறையே ஒரே முறை என்று நம்புபவர்கள். அவர்களிடம் கற்கப் போகும் தொடக்கநிலை எழுத்தாளர் தன் இயல்பை இழக்கும் வாய்ப்பு உண்டு. நெறியாளரின் ஒரு நூலையாவது படித்துவிட்டு, அவருடைய பேட்டி அல்லது உரை கிடைத்தால் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். எந்த வகை எழுத்துக்கானது, எந்த மொழியில் நடக்கிறது, எந்த நிலையில் உள்ளவர்களுக்கானது என்ற மூன்றும் உங்களுக்குப் பொருந்துகின்றனவா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்குமிடத்தைப் பற்றிக் கூச்சமின்றிக் கேட்க வேண்டும். தனி அறையா, அறையில் எழுதும் மேசை உண்டா, மருத்துவ உதவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது, மாற்றுத்திறனாளிகள் எளிதில் புழங்க முடியுமா என்பவை அடிப்படையான கேள்விகள். நடத்தை விதிகள் எழுத்தில் உள்ளனவா, அத்துமீறல் நடந்தால் யாரிடம் புகார் அளிப்பது என்பதும் அப்படியே. ஊர் விட்டு ஊர் சென்று, அறிமுகமில்லாதவர்களோடு சில இரவுகள் தங்கப்போகும் எவருக்கும், குறிப்பாகப் பெண்களுக்கும் இளையோருக்கும், இதைக் கேட்கும் உரிமை உண்டு. பொறுப்புள்ள அமைப்பாளர்கள் இந்தக் கேள்வியை வரவேற்பார்கள்.

கட்டணத்தில் தங்குமிடம், உணவு, போக்குவரத்து ஆகியவற்றுள் எவை அடங்கும், வர இயலாமல் போனால் எவ்வளவு திரும்பக் கிடைக்கும் என்பதை எழுத்தில் பெறுங்கள். உதவித்தொகையோ கட்டணச் சலுகையோ உள்ளதா என்று கேட்பதில் தாழ்வு ஒன்றுமில்லை.

விலக வேண்டிய சில அடையாளங்களும் உண்டு. நிகழ்ச்சி முடிவில் உங்கள் நூல் வெளியாகும் என்று உறுதி அளித்துவிட்டு அச்சுச் செலவுக்குத் தனியாகப் பணம் கேட்பது, அங்கே எழுதப்படும் படைப்புகளின் உரிமையை அமைப்பாளருக்குத் தரும்படி ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்ப்பது, முன்பு பங்கேற்ற ஒருவரிடமும் பேச வாய்ப்புத் தராமல் இடம் தீரப்போகிறது என்று அவசரப்படுத்துவது ஆகியவை அவற்றுள் முக்கியமானவை. தொகுப்பு நூல் வெளியிடும் திட்டம் இருந்தால்கூட, எந்தப் படைப்பு, எந்த ஒரு வெளியீட்டுக்கு என்று வரையறுத்த அனுமதி மட்டும் கொடுத்தால் போதும். பதிப்புரிமை உங்களிடமே இருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: செலவு செய்யும் முன் ஓர் ஒத்திகை

விண்ணப்பிக்கும் முன்பே ஒரு முழு நாளை உங்களுக்கான முகாமாக ஒதுக்கிப் பாருங்கள். நூலகத்தின் வாசிப்பறையோ, பகலில் ஆளில்லாத நண்பரின் வீடோ போதும். கைபேசியை அணைத்துவிட்டு 90 நிமிட அமர்வுகள் மூன்று, அவற்றுக்கிடையே நல்ல இடைவேளைகள் என்று நாளை அமைத்துக்கொள்ளுங்கள். எட்டு மணி நேரம் எழுதுவேன் என்று எண்ணியிருந்தவர், இரண்டாம் அமர்வின் முடிவிலேயே மனம் களைத்துவிடுவதைக் காண்பார். அது தோல்வி அன்று. ஒரு நாளில் தம்மால் தாங்க முடிந்த எழுத்து நேரம் எவ்வளவு என்று அவர் அறிந்துகொள்கிறார். எவ்வளவு நீளமான முகாமுக்குச் செல்லலாம் என்பதை அந்த அளவு சொல்லிவிடும்.

பயணமே இயலாதவர்கள் இணையவழியில் கூடி எழுதும் அமர்வுகளைப் பயன்படுத்தலாம். 2020 முதல் லண்டன் ரைட்டர்ஸ் சலோன் என்ற குழு வார நாட்களில் ஒரு மணி நேர அமர்வுகளை நடத்தி வருகிறது. எல்லோரும் திரையில் கூடுவார்கள், என்ன எழுதப்போகிறோம் என்று ஒரு வரி சொல்வார்கள், பிறகு அமைதியாக எழுதுவார்கள். இதே முறையில் நண்பர்கள் மூவர் சேர்ந்து தமிழில் ஓர் அமர்வு நடத்துவதற்கு எந்த அமைப்பும் தேவையில்லை.

ஆறாம் படி: விண்ணப்பம்

எழுத்து மாதிரி கேட்டிருந்தால் சொல்லப்பட்ட பக்க அளவை மீறாதீர்கள். புதிதாக எழுதிய ஒன்றைவிட, எழுதி ஆறப்போட்டுத் திருத்திய ஒன்றை அனுப்புவது நல்லது. நோக்க அறிக்கையில் சிறு வயது முதல் எழுத்தின் மீது கொண்ட காதலைப் பற்றி எழுதுவதைத் தவிர்த்து, இப்போது எந்தப் படைப்பில் ஈடுபட்டிருக்கிறீர்கள், அது எந்த இடத்தில் நிற்கிறது, அந்த நாட்களில் அதை எதுவரை கொண்டுசெல்ல எண்ணுகிறீர்கள் என்ற மூன்றை மட்டும் தெளிவாகச் சொல்லுங்கள். இடங்கள் குறைவு என்பதால் நல்ல விண்ணப்பங்களும் மறுக்கப்படும். ஆகவே ஒரே சமயத்தில் இரண்டு மூன்று இடங்களுக்கு விண்ணப்பிப்பது முறையே.

ஏழாம் படி: புறப்படும் முன்

ஒரே ஒரு படைப்பை மட்டும் எடுத்துச் செல்லுங்கள். முகாமில் புதிதாகத் தொடங்கலாம் என்று வெறுங்கையோடு செல்பவர் முதல் ஒன்றரை நாளைத் தயக்கத்திலேயே கழித்துவிடுவார். மூன்று நாள் முகாமில் அது பாதி நேரம். புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்பே அந்தப் படைப்பைத் தினமும் சிறிதளவு தொட்டு வந்தால், அங்கே சென்றதும் நடுவிலிருந்து தொடரலாம். தேவையான தகவல்களை முன்பே திரட்டி வைத்துக்கொண்டால் இணையத்தைத் திறக்கும் தேவை குறையும். எந்த நேரத்தில் பேச முடியும், எந்த அவசரத்துக்கு மட்டும் அழைக்க வேண்டும் என்பதை வீட்டாரிடமும் அலுவலகத்திலும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். விடுப்பு எடுக்கும்போது, முகாமில் ஒரு நாளைக் கூட்டுவதைவிடத் திரும்பிய பின் ஒரு நாளை வீட்டில் ஒதுக்கிக்கொள்வது கூடுதல் பயன் தரும். அந்த நாளின் தேவை ஒன்பதாம் படியில் தெரியும்.

எட்டாம் படி: அங்கே இருக்கும் நாட்கள்

நாள் முழுவதும் எழுத வாய்ப்பு இருந்தாலும், முதல் அமர்வை வீட்டில் உங்களால் காக்க முடிந்த அதே நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் காலை 5.30 மணிதான் உங்களுக்குக் கிடைக்கும் நேரம் என்றால், முகாமிலும் 5.30 மணிக்கே அமர வேண்டும். மற்ற அமர்வுகளெல்லாம் முகாமோடு முடிந்துவிடும். இந்த ஒன்று மட்டும் உங்களோடு ஊருக்குத் திரும்பி வரக்கூடியது. இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு ஆலோசனையைத்தான் கடைப்பிடிக்க முடியும் என்பவர்கள் இதைக் கடைப்பிடிக்கட்டும்.

வரைவுகளை விவாதிக்கும் பயிலரங்குகளில் இரண்டு முறைகளை நீங்கள் சந்திக்கக்கூடும். 1956-இல் தொடங்கிய மில்ஃபோர்டு அறிவியல் புனைகதைக் கூடுகையிலிருந்து பரவிய முறையில், ஒவ்வொருவராகக் கருத்துச் சொல்லி முடிக்கும் வரை எழுதியவர் பேசக் கூடாது. தன் எழுத்தை விளக்கிக் காப்பாற்றும் உந்துதலை அது அடக்குகிறது. ஆனால் முதல் முறை அமர்பவருக்கு அந்த மௌனம் கடினமாக இருக்கும். நடனக் கலைஞர் லிஸ் லெர்மன் 1990-இல் உருவாக்கிய முறையிலோ நான்கு கட்டங்கள் உண்டு: வாசித்தவர்கள் தங்களைத் தொட்டவற்றைச் சொல்வார்கள், படைத்தவர் தன் கேள்விகளைக் கேட்பார், மற்றவர்கள் அபிப்பிராயம் கலவாத கேள்விகளைக் கேட்பார்கள், இறுதியில், படைத்தவர் சம்மதித்தால் மட்டும் அபிப்பிராயங்கள் சொல்லப்படும். புதியவருக்கு இரண்டாவது முறையே பாதுகாப்பானது என்பேன். எந்த முறையாக இருந்தாலும், கேட்ட எல்லாவற்றையும் தேதியிட்டுக் குறித்துக்கொண்டு, எதை ஏற்பது என்பதை ஒரு வாரம் கழித்து முடிவு செய்யுங்கள். அன்றிரவே திருத்தத் தொடங்குபவர்கள், கடைசியாகப் பேசியவரின் விருப்பத்துக்கு ஏற்பப் படைப்பை வளைத்துவிடுகிறார்கள்.

கடைசி அமர்வில் எதையும் முடிக்க வேண்டாம். அடுத்து வரப்போவது என்னவென்று உங்களுக்கு நன்றாகத் தெரியும் ஓர் இடத்தில் நிறுத்தி, அதை இரண்டு மூன்று வரிகளில் குறித்து வைத்துவிட்டுப் புறப்படுங்கள். உடன் இருந்தவர்களில் உங்களைப் போலவே பழக்கத்தைத் தேடி வந்த ஒருவரை அடையாளம் கண்டு, வாரம் ஒருமுறை எத்தனை நாள் அமர்ந்தோம் என்று பரிமாறிக்கொள்ளும் ஏற்பாட்டை அங்கேயே பேசி முடித்துவிடுவது நல்லது.

ஒன்பதாம் படி: திரும்பிய பின் வரும் வாரங்கள்

திரும்பிய மறுநாள், ஒதுக்கி வைத்த அந்த நாளில், அதே நேரத்தில் 20 நிமிடம் அமருங்கள். குறித்து வைத்த வரிகளிலிருந்து தொடங்கினால் போதும். முகாமில் நாளொன்றுக்கு 1,500 சொற்கள் எழுதியவர் வீட்டிலும் அதையே இலக்காக வைத்தால் சில நாட்களில் சோர்ந்துவிடுவார். 200 அல்லது 300 சொற்கள் போதுமென்று வைத்துக்கொள்வதே நிலைக்கும்.

உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் 1999-இல் எழுதிய கட்டுரையில், பொதுவாக உறுதி எடுப்பதைவிட, இன்ன சூழல் வந்தால் இன்னதைச் செய்வேன் என்று முன்கூட்டியே பிணைத்துக்கொள்பவர்கள் அதிகம் நிறைவேற்றுகிறார்கள் என்று காட்டினார். தினமும் எழுதுவேன் என்பதற்குப் பதிலாக, காலையில் முகம் கழுவியதும் மேசையில் அமர்ந்து கோப்பைத் திறப்பேன் என்று எழுதி ஒட்டுங்கள். லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் சக ஆய்வாளர்களும் 96 பேரிடம் நடத்தி 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு செயல் இயல்பாகவே நிகழும் பழக்கமாக மாற நடுவளவில் 66 நாட்கள் ஆயின. ஆளுக்கு ஆள் அது 18 முதல் 254 நாட்கள் வரை வேறுபட்டது. அந்த ஆய்வில் இருந்தவை உணவு, நீர், உடற்பயிற்சி சார்ந்த எளிய செயல்கள். எழுத்து அவற்றைவிடக் கடினமானது என்பதால் இன்னும் பொறுமை வேண்டும். இடையில் ஒரு நாள் தவறியது பழக்கம் உருவாவதைப் பெரிதாகப் பாதிக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் முடிவு. ஆகவே ஒரு நாள் விடுபட்டால் வருந்தி நேரத்தைக் கழிக்காமல் மறுநாள் அதே நேரத்தில் அமர்ந்துவிடுங்கள்.

முதல் படியில் தொடங்கிய குறிப்பேட்டை மூன்று மாதங்களுக்குத் தொடருங்கள். அதன் பிறகே அடுத்த முகாமைப் பற்றி யோசிக்க வேண்டும். முகாம் தந்த உற்சாகத்தில் உடனே இன்னொன்றுக்குப் பதிவு செய்பவர்கள் முகாம்களில் மட்டுமே எழுதுபவர்களாகிவிடுகிறார்கள். வாரத்தில் நான்கு நாட்களாவது அமர்ந்திருந்து, வரைவு மட்டும் ஓரிடத்தில் சிக்கி நிற்கிறது என்று குறிப்பேடு காட்டினால், அடுத்ததாகக் கருத்துரை தரும் சிறு பயிலரங்கைத் தேடுங்கள். அமரவே முடியவில்லை என்று காட்டினால், புதிய முகாமுக்குச் செலவழிக்கும் முன் நேரத்தை மாற்றி, அல்லது 20 நிமிடத்தைப் பத்தாகக் குறைத்து, இன்னும் ஒரு மாதம் முயன்று பாருங்கள்.